பொறுக்கி எறியும் அரிசி, காசு கொடுத்து வாங்கும் பிஸ்கட்

சாப்பாட்டுக் கணக்கு – வாசகர் கேள்விகள்

"ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர். நவரைப் பட்டத்தில் நெல், தண்ணீர் குறைந்தால் வேர்க்கடலை. மூத்த மகள் இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் கம்பெனி வேலைக்குப் போகிறாள். முதல் ஷிஃப்ட் என்றால் விடியற்காலை நாலரைக்கே பஸ் வந்துவிடும். டீயும் பிஸ்கட்டும்தான் சாப்பிட்டுவிட்டு ஓடுவாள். போன மாதம் ரத்ததான முகாமில், ஹீமோகுளோபின் 9.2தான் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து கேழ்வரகு பிஸ்கட், பேரீச்சம்பழ சிரப், டப்பா சத்து பவுடர் என்று மாதம் ஆயிரம் ரூபாய்க்குக் குறையாமல் செலவு. ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் அரிசி கலந்து வருகிறது. என் மனைவி அதை முறத்தில் போட்டுப் பொறுக்கி எறிந்துவிட்டுத்தான் உலை வைக்கிறாள். மகளுக்கு ரத்தம் ஊற இன்னும் என்ன வாங்கிக் கொடுக்கலாம்?"

– விவசாயி ஒருவர், ஸ்ரீபெரும்புதூர் வட்டம்

இந்தக் கேள்விக்குப் பாதிப் பதில் அந்த வீட்டு முறத்திலேயே கிடக்கிறது. பிளாஸ்டிக் என்று பொறுக்கி எறியப்படும் அந்த வெள்ளை அரிசியில்தான் இரும்புச்சத்து சேர்க்கப்பட்டிருக்கிறது. காசு கொடுத்து வாங்கும் பிஸ்கட்டிலும் சிரப்பிலும் அது பெயரளவுக்குத்தான் இருக்கும்.

முதலில் அந்த அரிசி. அதன் பெயர் செறிவூட்டப்பட்ட அரிசி. ஆலையில் உடைந்த நொய்யை மாவாக்கி, அதில் இரும்பு, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 மூன்றையும் கலந்து பிசைகிறார்கள். நம் வீட்டுச் சேவை நாழியில் மாவைப் பிழிவதைப் போல இயந்திரத்தில் அழுத்திப் பிழிந்து, அரிசி அளவுக்கு நறுக்கிக் காயவைக்கிறார்கள். அப்படிச் செய்த அரிசி 1 கிலோவை 100 கிலோ சாதாரண அரிசியோடு கலக்கிறார்கள். ஒரு கிலோ ரேஷன் அரிசியில் இருப்பது 10 கிராம்தான். தமிழ்நாட்டில் இது முன்னோட்டமாகத் திருச்சி மாவட்டத்தில் தொடங்கியது. 2021 ஆகஸ்ட் 15 அன்று பிரதமர், 2024-க்குள் ரேஷன், சத்துணவு உட்பட அரசின் எல்லாத் திட்டங்களிலும் இந்த அரிசி வரும் என்று அறிவித்தார். அரிசி வந்த வேகத்தில் விளக்கம் வரவில்லை. மூட்டையைப் பிரித்த பெண்களுக்குத் தெரிந்ததெல்லாம், கூடுதல் வெள்ளையாக, தண்ணீரில் மிதக்கும் ஏதோ ஒன்று கலந்திருக்கிறது என்பதுதான். கலப்படத்துக்குப் பயந்த வீட்டில் அதைப் பொறுக்கி எறிந்ததில் தப்புச் சொல்ல முடியாது. சொல்லாமல் கலந்தவர்கள் பேரில்தான் தப்பு.

சந்தேகம் தீர வேண்டுமென்றால் அதில் பத்து அரிசியை எடுத்து ஊறவைத்து, விரலால் நசுக்கிப் பார்க்கலாம். மாவாகக் குழைந்துவிடும். நெருப்பில் காட்டினால் அரிசி கருகும். பிளாஸ்டிக் என்றால் உருகிச் சொட்டும்.

இனி அளவு. விதிப்படி ஒரு கிலோ செறிவூட்டப்பட்ட அரிசியில் இரும்பு 28 முதல் 42.5 மில்லிகிராம் வரை சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். ஒருவர் நாளைக்கு 300 கிராம் அரிசிச் சோறு சாப்பிட்டால் 8 முதல் 12 மில்லிகிராம் வரை அதிலிருந்தே வந்துவிடும். பாலிஷ் போட்ட சாதாரண அரிசியில் அதே 300 கிராமுக்கு 2 மில்லிகிராம்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் வெளியிட்ட அளவின்படி, வயதுக்கு வந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு தேவை. ஆணுக்கு 19 போதும். மாதவிடாயில் போவதை ஈடுகட்டத்தான் இந்த வித்தியாசம். சாப்பிடுவதெல்லாம் உடம்பில் சேர்ந்துவிடுவதில்லை, ஒரு சிறு பங்குதான் சேரும். அப்படியிருக்க, வந்ததையும் பொறுக்கிக் குப்பையில் போடுவது வீண். அரிசி கழுவும்போது மிதப்பதைத் தண்ணீரோடு சேர்த்துக் கொட்டிவிடுவதும் அதே கதைதான்.

இந்தத் திட்டத்துக்கு எதிர்ப்பு இல்லாமலில்லை. தவிட்டையெல்லாம் பாலிஷில் உரித்துவிட்டு, பிறகு ஆலையிலிருந்து சத்தை வாங்கிக் கலப்பானேன், கம்பும் கேழ்வரகும் பருப்பும் ரேஷனில் கொடுத்தால் விவசாயிக்கும் விலை கிடைக்குமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி அது. அதை அரசாங்கத்திடம் கேட்க வேண்டும். கேட்டுக்கொண்டிருக்கும் காலத்தில் வீட்டுக்கு வந்த இரும்பை எறிய வேண்டியதில்லை. ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். வீட்டில் தலசீமியா, அரிவாள் செல் ரத்தசோகை போன்ற பரம்பரை ரத்த நோய் உள்ளவர்கள் இருந்தால், இந்த அரிசியைப் பற்றி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. அவர்களுக்கான எச்சரிக்கையை மூட்டையிலேயே அச்சிட வேண்டும் என்ற விதி முன்பு இருந்தது, பிறகு நீக்கப்பட்டது.

மகளின் 9.2-க்கு வருவோம். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். ரத்ததானம் செய்ய 12.5 இருக்க வேண்டும். 8-லிருந்து 10.9 வரை நடுத்தர ரத்தசோகைக் கணக்கு. அந்த நிலையில் சாப்பாட்டை மட்டும் மாற்றி ரத்தத்தை ஏற்றிவிட முடியாது. அரிசியாலும் முடியாது, முருங்கைக்கீரையாலும் முடியாது, டப்பா பவுடராலும் முடியாது. மாத்திரை வேண்டும். இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. எத்தனை, எவ்வளவு நாள் என்பதை அங்குள்ள டாக்டர் சொல்வார். சாப்பிட ஆரம்பித்ததும் மலம் கறுப்பாகப் போகும், சிலருக்கு வயிறு கட்டும். அதைக் கண்டு பயந்து பத்தாம் நாள் நிறுத்திவிடுபவர்கள்தான் அதிகம். டீயோடும் பாலோடும் மாத்திரை போடக் கூடாது. ஒரு மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்தால் ஒரு கிராமாவது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லையென்றால் காரணம் வேறெங்கோ இருக்கிறது.

அந்தக் காரணங்களில் இரண்டை விவசாயக் குடும்பங்கள் பேசுவதே இல்லை. ஒன்று, மாதவிடாயில் அளவுக்கு மீறிப் போகும் ரத்தம். இதை மகள் அப்பாவிடம் சொல்லப்போவதில்லை, அம்மாதான் கேட்டுப் பார்க்க வேண்டும். மற்றொன்று கொக்கிப்புழு. மனிதக் கழிவு கலந்த ஈர மண்ணில் வெறுங்காலோடு நடந்தால், புழுவின் குஞ்சு தோல் வழியாக உடம்புக்குள் ஏறிவிடும். குடலில் ஒட்டிக்கொண்டு அன்றாடம் ரத்தம் குடிக்கும். புழு இருக்கிற வயிற்றுக்கு எவ்வளவு சத்து போட்டாலும் ஓட்டைக் குடத்தில் ஊற்றிய தண்ணீர்தான். பூச்சி மாத்திரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உண்டு. இரண்டு மாத்திரைக்கும் காசில்லை. ஆயிரம் ரூபாய் போனது கடையில்தான்.

இனி அந்தக் கடைச் சாமான். பாக்கெட்டின் முன்பக்கம் விற்பவருடையது, பின்பக்கம் வாங்குபவருடையது. முன்பக்கத்தில் கேழ்வரகுக் கதிர் படம் இருக்கும். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் சேர்மானப் பட்டியல் இருக்கும். எது எடையில் அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது சட்டம். பட்டியல் மைதா, சர்க்கரை, பாமாயில் என்று தொடங்கினால், அது கேழ்வரகு வாசனை காட்டிய மைதா பிஸ்கட். பெயரிலோ படத்திலோ கேழ்வரகை எடுத்துக்காட்டினால், அது எத்தனை சதவீதம் என்பதையும் பின்னால் போட வேண்டும். வீட்டில் ஆங்கிலம் படிக்கிற பிள்ளை யாராவது இருந்தால், அந்தச் சதவீதத்தை ஒருமுறை வாசித்துக் காட்டச் சொன்னால் போதும்.

அப்படியே முழுக் கேழ்வரகாக இருந்தாலும், கேழ்வரகின் பலம் சுண்ணாம்புச்சத்து. 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம், பாலைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். எலும்புக்கு அது நல்லது. இரும்புக்கு என்றால் கம்பு மேல். கம்பில் 100 கிராமுக்கு 6 மில்லிகிராமுக்குக் குறையாது. கொள்ளும் எள்ளும் அதற்கும் மேல். பேரீச்சம்பழ சிரப்பின் பாட்டிலில் பெரும்பங்கு சர்க்கரைதான். நாட்டுச்சர்க்கரையும் கருப்பட்டியும் வெள்ளைச் சர்க்கரையைவிட ருசி என்று சொல்லலாம். ஆனால் ஒரு ஸ்பூனில் கிடைக்கும் இரும்பு அரை மில்லிகிராமைத் தாண்டாது. டப்பா பவுடர்களைப் பற்றி 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகமே பேச வேண்டியதாயிற்று. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே கிடையாது, அந்தத் தலைப்பில் போட்டு விற்காதீர்கள் என்று இணைய விற்பனை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. அதற்குப் பிறகு டப்பாவின் பெயரை மாற்றிய கம்பெனியும் உண்டு. டப்பாவில் இரும்பு சேர்த்திருக்கலாம். அதைச் சர்க்கரை விலைக்கு மேலே, பாலில் கலந்து, டீ நேரத்தில் குடித்தால் என்ன மிச்சம்?

கடிதத்தில் எல்லாவற்றையும்விட உறுத்துவது அந்த நாலரை மணி டீதான். டீயில் உள்ள துவர்ப்பு, சாப்பாட்டிலுள்ள இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தானியம், பருப்பு, கீரையிலிருந்து வரும் இரும்பில் பாதிக்கு மேல் உடம்பில் சேராமல் போய்விடும். காலையில் டீயோடு பிஸ்கட், இடைவேளையில் வடையோடு டீ, சாப்பாட்டு மணிக்குச் சோறு முடிந்த கையோடு இன்னொரு டீ. ஷிஃப்ட் வேலையில் தூக்கத்தை விரட்ட டீ இல்லாமல் முடியாது, அதை விடச் சொல்வது வீண் பேச்சு. சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரம் விட்டால் போதும். விடியலில் டீ குடித்துவிட்டு பஸ் ஏறினால், இறங்கும்போது பையிலிருப்பதைச் சாப்பிடலாம்.

பையில் என்ன வைப்பது? இங்கேதான் விவசாயி தன் வீட்டைத் திரும்பிப் பார்க்க வேண்டும். வேர்க்கடலை காயவைத்ததும் மூட்டை மூட்டையாக வியாபாரிக்குப் போகிறது, விதைக்கு மட்டும் கொஞ்சம் நிற்கிறது. நாட்டுக்கோழி முட்டைக்கு நல்ல விலை என்று அதுவும் போகிறது. வந்த காசில் பிஸ்கட் வாங்கப்படுகிறது. ஒரு மூட்டைக் கடலையை வீட்டுக்கென்று கட்டி வைத்தால், வருஷம் முழுக்க மகளின் பையில் ஒரு கைப்பிடி வறுத்த கடலை போகும். கடலையில் கால் பங்கு புரதம். முட்டையில் இரும்பு குறைவு, ஆனால் புரதமும் பி12-ம் உண்டு. முந்தின நாள் கூழ் கரைத்து பாட்டிலில் கொடுக்கலாம். ஊறவைத்து முளைகட்டிய காராமணி, கொண்டைக்கடலை, கொள்ளுச் சுண்டல் கொடுக்கலாம். முளைகட்டினாலும் புளிக்கவைத்தாலும் இரும்பைப் பூட்டி வைத்திருக்கும் பொருள் குறைகிறது. அதனால்தான் நேரடியாக அரைத்த சத்துமாவைவிட, தானியத்தை முளைகட்டிக் காயவைத்து அரைத்த மாவு மேல்.

கூடவே ஒரு கொய்யா. புளிப்பும் வைட்டமின் சி-யும் இருந்தால் கீரை, பயறு இரும்பு நன்றாகச் சேரும். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது. அந்த ஊர் மண்ணில் கொய்யா வராமல் போகாது. கிணற்று மேட்டில் ஒரு மரம் வைத்தால் வீட்டுக்குப் போதும். வரப்பில் முருங்கை, நெல் அறுத்த ஈரத்தில் உளுந்தோ காராமணியோ போட்டால் அதுவும் ஆயிற்று. அசைவம் சாப்பிடும் வீடென்றால் மாதத்தில் இரண்டு முறையாவது ஆட்டு ஈரல், ரத்தப் பொரியல், சுவரொட்டி. ரத்தம் குறைந்தவர்களுக்குச் சுவரொட்டி வாங்கிக் கொடுக்கும் பழக்கம் வெறும் நம்பிக்கையில்லை. இறைச்சியில் உள்ள இரும்பு செடியிலுள்ளதைவிடப் பல மடங்கு எளிதாக உடம்பில் சேரும். அம்மா புளிக்குழம்பை நான்ஸ்டிக்கில் வைக்காமல் பழைய இரும்புச் சட்டியில் வைத்தாலே, சட்டியிலிருந்து கொஞ்சம் இரும்பு குழம்பில் இறங்கும்.

கம்பெனி கேன்டீனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேன்டீன் வைக்கச் சொன்னதோடு நிற்கவில்லை. அதை நடத்தும் குழுவில் தொழிலாளர்களுக்கும் இடம் கொடுக்கச் சொன்னது. சுண்டல் வேண்டும், சாம்பாரில் கீரை வேண்டும், டீயைச் சாப்பாட்டோடு வைக்காதீர்கள் என்று அங்கே சொல்லலாம். பெண்கள் பலருக்கு அப்படி ஒரு குழு இருப்பதே தெரியாது.

இந்த மகளுக்கு வீட்டுச் சாப்பாடாவது இருக்கிறது. வெளி மாவட்டங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கும் பெண்களுக்கு அதுவும் கிடையாது. 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் அருகே ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் தங்கிய விடுதியொன்றில் சாப்பாடு கெட்டு, 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். டிசம்பர் 17 இரவு தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். மூடிய ஆலை 2022 ஜனவரி 12-ல்தான் திறந்தது. அந்தப் பெண்களில் பலர் விவசாய வீட்டுப் பிள்ளைகள்தான். மகளை விடுதியில் சேர்க்கும் அப்பாக்கள் வாடகையையும் வார்டனையும் விசாரிக்கிறார்கள், சமையலறையைப் பார்ப்பதில்லை. உணவுப் பாதுகாப்பு உரிமம் சுவரில் மாட்டியிருக்கிறதா, அதில் 14 இலக்க எண் இருக்கிறதா, குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, மீந்த சாம்பார் எங்கே போகிறது என்று நேரில் பார்த்துக் கேட்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது. கோளாறு தெரிந்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

2019–21-ல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய 2015–16 ஆய்வில் 55 சதவீதம். கார் கம்பெனியும் செல்போன் கம்பெனியும் வந்து வீட்டுக்கு இரண்டு சம்பளம் ஆன காலத்தில் இறங்கியது இவ்வளவுதான். எனவே 9.2 என்பது அந்த ஒரு வீட்டின் குறையல்ல. மகளை யாரும் கடிந்துகொள்ள வேண்டாம். அவளோடு அம்மாவும் போய் ரத்தம் பார்த்துக்கொள்வது நல்லது. வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவர் அவராகத்தான் இருப்பார்.

"பழைய சோற்றில் ஒரே இரவில் இரும்புச்சத்து 21 மடங்கு பெருகுகிறது என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா? அப்படியானால் மாத்திரை எதற்கு?"

– வாசகி ஒருவர், ஒரகடம்

100 கிராம் சோற்றில் 3.4 மில்லிகிராமாக இருந்த இரும்பு, 12 மணி நேரம் ஊறியதும் 73.91 ஆகிறது என்பதுதான் அந்தச் செய்தி. இரண்டு எண்ணிலும் இடிக்கிறது. பாலிஷ் போட்ட பச்சை அரிசியிலேயே 100 கிராமுக்கு ஒரு மில்லிகிராம் இல்லாதபோது, தண்ணீர் ஏறி வெந்த சோற்றில் 3.4 எப்படி வரும்? அடுத்து, இரும்பு ஒரு தனிமம். பானையில் ஊறும் நுண்ணுயிர் வைட்டமினை உண்டாக்கும், புளிப்பை உண்டாக்கும், இரும்பை உண்டாக்காது. சோற்றிலும் தண்ணீரிலும் பானையிலும் இல்லாத இரும்பு காலையில் இருக்காது. புளிக்கும்போது இருக்கிற இரும்பின் பூட்டு கொஞ்சம் தளர்ந்து, உடம்பில் சேர்வது கூடலாம். அவ்வளவுதான் அதில் உண்மை.

பழைய சோற்றுக்கு வேறு நன்மைகள் இருக்கின்றன. வெயிலில் வேலைக்குப் போகிறவருக்குத் தண்ணீரும் உப்பும் சேர்த்துக் கொடுக்கிறது, வயிற்றுக்கு இதம். குடல் நோய்களுக்கு அது உதவுமா என்று சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் ஆய்வே எடுத்திருக்கிறார்கள். அதற்காக மாத்திரையை நிறுத்த வேண்டாம். கோடையில் காய்ச்சி ஆறிய தண்ணீர் ஊற்றி, மூடி வைத்து, காலையிலேயே சாப்பிட்டுவிட வேண்டும். மதியம் வரை வைத்திருந்து நாற்றம் வந்தபின் சாப்பிடுவது வயிற்றுக்குக் கேடு. சின்ன வெங்காயம் மட்டும் கடித்துக்கொள்வதற்குப் பதில், கொள்ளுத் துவையலோ நெத்திலிக் கருவாடோ தொட்டுக்கொண்டால் அந்தச் சோற்றோடு இரும்பும் உள்ளே போகும்.